மேளத்துக்குள் ஸ்பாஞ்சு

போன வாரம் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து மேள மாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் புது மேளங்கள் வாங்கியிருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்சு வட்டம் வெட்டித் தர வேண்டுமாம், போன தடவை வெட்டியது ரொம்ப நன்றாக இருந்ததாம். வந்தவனைப் பட்டறை வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சீட் தைக்கிறவன். பஸ், வேன், சினிமா கொட்டகை நாற்காலி, பல் டாக்டர் ஆளைச் சாய்த்துப் போட்டு வாயைத் திறக்கச் சொல்கிற நாற்காலி வரைக்கும் ஸ்பாஞ்சு வெட்டி, ரெக்சின் போட்டுத் தைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் என் ஸ்பாஞ்சின் மேல் ஒரு தடவையாவது உட்காராத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மேளத்துக்கு வெட்டியது அந்த ஒரு தடவைதான்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பள்ளிக்கூடக் கலைக்குழுவில் மேளம் வாசிக்கிறாள். இடுப்பு உயர மேளம். மேலே தோல், கீழே திறந்த வாய். உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, வெறுங்கையால் அடிக்க வேண்டும். வீட்டில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார் என்று என் பட்டறைக்கு வந்துதான் பழகுவாள். கூடவே ஆட்டக்காரப் பெண் ஒருத்தியும் வருவாள். நெடுநெடுவென்று வளர்ந்து ஒற்றைக் காலில் நின்றே யோசிக்கிற பெண். குழுவில் எல்லாரும் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவர்கள் ஆட்டத்தில் நடுவே ஒரு இடம் வரும். மற்ற பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். கொக்கு மட்டும் நின்று காலால் தரையில் ஒன்று தட்டுவாள். என் பேத்தி மேளத்தில் அதற்குப் பதில் சொல்வாள். மறுபடி கால் கேட்கும், மறுபடி கை சொல்லும். போகப்போக இரண்டும் சண்டைக்கோழி மாதிரி ஆகிவிடும். இதில் முன்கூட்டிப் பேசி வைத்தது ஒன்றும் கிடையாது. "குதிகால் எவ்வளவு ஒசரம் தூக்குதுன்னு பார்க்கணும் தாத்தா, அதை வெச்சுத்தான் கை எந்திரிக்கும்" என்பாள் பேத்தி. ஒருநாள் இருந்தாற்போல் இன்னொரு நாள் இருக்காது. நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேனுக்குச் சொந்தக்காரன் வந்து கத்துவான். கத்தட்டும்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டுப் பயணம் வந்தது. மாணவர்களுக்கான உலகக் கலை மேடையாம். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். பயணக் கம்பெனிக்காரன் ஒருவன் திரையில் படம் காட்டினான். படம் முழுக்கப் பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், ஒரு படத்தில்கூட ஒருவரும் எதையும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. இதை நான் என் மகளின் காதில் சொன்னேன். "அப்பா, இங்கேயாவது கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்கள் சிலர் துணைக்குப் போக வேண்டும் என்றார்கள். மகளுக்கு மருந்துக்கடையில் லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மொட்டை மாடியில் துணி காயப்போட்டாலே தலை சுற்றும், அவர் எங்கே விமானம் ஏறுவது. கடைசியில் என் தலையில் விழுந்தது. போய்வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். பேத்தி ஏனோ அவ்வளவு சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கிழவன் கூட வந்தால் வெட்கமாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு மாஸ்டர் என் பட்டறைக்கு வந்தார். பிள்ளைகளுக்கு மேளமும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கிறவர். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதி நான் பார்த்ததில்லை. குழுவில் இருக்கிற மூன்று மேளத்தையும் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். விமானத்தில் ஏற்றும்போது தோல் அதிர்ந்து கிழிந்துவிடும், உள்ளே தோலில் ஒட்டினாற்போல இறுக்கமாக ஒரு ஸ்பாஞ்சு வட்டம் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்றார். நான் எதையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்தால்கூடத் தூக்கிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் இது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம், அதிலும் பேத்தியின் மேளம். நம்பிவிட்டேன்.

சாதா ஸ்பாஞ்சு இல்லை, லாரி டிரைவர் சீட்டுக்குப் போடுகிற கனமான ஸ்பாஞ்சு. மேளத்தின் உள்சுற்றை அளந்து, ஒரு மயிரிழை பெரிதாக வெட்டினேன், அப்போதுதான் பிடித்து நிற்கும். வெளியே எடுப்பதற்கு அடியில் ரெக்சின் வார் ஒன்றைக் காது மாதிரி தைத்து வைத்தேன். பேத்தி அதைப் பிடித்து இழுத்தால் போதும். மாஸ்டர் ஒரு மேளத்தைத் தட்டிப் பார்த்தார். தலையணையைத் தட்டினாற்போல 'தொப்' என்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிரமாதம் என்றார். வேலை சுத்தமாக இருக்கிறதைச் சொல்கிறார் என்று நினைத்து எனக்கும் பெருமையாக இருந்தது. பேத்தி ரெக்சின் சுருளுக்குப் பின்னால் நின்று தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம், அது இது எல்லாம் எழுதி நேரத்தை வீணாக்க மாட்டேன். போய்ச் சேர்ந்தோம். எங்களை ஏற்றிக்கொண்டு திரிய ஒரு பஸ். டிரைவர் என் வயதுக்காரர், எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு எங்களுக்குத் தெரியாது. அவர் சீட்டு குழி விழுந்து, கம்பி முதுகில் இடிக்கிற நிலையில் இருந்தது. மனுஷன் இடுப்பை மாற்றி மாற்றி வைத்து ஓட்டுவதைப் பார்த்து எனக்குக் கை பரபரத்தது. எங்களை நடத்திக்கொண்டு போகிறவன் கம்பெனி ஆள். ஒரு குச்சியில் சின்னக் கொடியைக் கட்டித் தூக்கிக்கொண்டே முன்னால் நடப்பான். பிள்ளைகள் அவனைக் கொடி அண்ணன் என்றார்கள். என்னைவிட அதிகம் சிரிக்கிறவன். அதாவது, எல்லாரையும்விட அதிகம் சிரிக்கிறவன்.

முதல் நிகழ்ச்சி ஒரு பெரிய கடைக் கட்டடத்தில். நகரும் படிக்கட்டுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் சிவப்பு விரிப்பைப் போட்டு அதுதான் மேடை என்றார்கள். வாங்கிய பையோடு போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு ஒலிபெருக்கியில் தொடங்கியது. மேளமும் கேட்டது. நன்றாகத்தான் கேட்டது. பேத்தியின் கையைப் பார்த்தேன். கை தோலுக்கு மேலே நிற்கும்போது மேளம் கேட்கிறது. கை தோலில் படும்போது ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் காது மந்தமாகிவிட்டதோ என்று பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையின் அத்தையைக் கேட்டேன். அந்த அம்மா போனில் படம் பிடித்துக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றாள். கேள்வி-பதில் வருகிற இடமும் வந்தது. கொக்கு ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்து, அது சொல்கிறபடி காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய கால், பதிலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் நேரே போய் மேளத்தை ஒரு தட்டுத் தட்டினேன். தொப்.

"ஸ்பாஞ்சை எடுக்க மறந்துட்டியாடி?" என்றேன்.

"மறக்கல தாத்தா."

"பின்ன?"

"எடுக்கக்கூடாது."

அங்கேயே, செருப்புக் கடை வாசலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எந்தக் குழுவும் நிஜமாக வாசிக்கக்கூடாது என்பது கம்பெனிக்காரர்கள் விதி. நிறையப் பள்ளிகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் மைக் வைத்துச் சரிபார்க்க நேரம் இல்லை. எல்லாரும் பதிவு செய்து கொண்டுவர வேண்டும், அதற்கு டிராக் என்று பேர். எங்கள் பிள்ளைகளின் டிராக்கில் மேளம் வாசித்தது பேத்திகூட இல்லை, காசு கொடுத்துக் கூட்டி வந்த யாரோ ஒரு வித்துவான். பிள்ளைகள் மேடையில் வாசிக்கிற மாதிரி உட்கார வேண்டும். கை தவறித் தோலில் பட்டாலும் சத்தம் வந்துவிடக்கூடாது, அதற்குத்தான் ஸ்பாஞ்சு. இது எல்லாம் ஊரிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று ரகளை பண்ணுவேன், அம்மா பயணமே வேண்டாம் என்பாள், அதனால்தான் என்றாள். கடைசி நாள் பெரிய அரங்கத்தில் மட்டும் நிஜமாக வாசிக்க விடுகிறேன் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறாராம். அந்த ஒரு மேடைக்காகத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அவர் சொன்னாராம், இவ நம்புனாளாம்" என்றேன்.

"நீங்களும்தான் நம்புனீங்க. வெட்டிக் குடுத்தீங்கள்ல?"

உண்மைதானே. என் பேத்தியின் மேளத்துக்கு வாயை அடைத்தவன் நான். அதுவும் பார்த்துப் பார்த்து, ஒரு மயிரிழை பெரிதாக வெட்டி, காது வைத்துத் தைத்து.

மறுநாள் ஓட்டலில் காலைச் சாப்பாட்டின்போது மாஸ்டரைப் பிடித்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஓரம் விடாமல் தடவினார். அந்த அக்கறையை மேளத்தில் காட்டியிருக்கலாம். நான் கேட்டதற்கெல்லாம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மேடை அனுபவம் கிடைக்கிறதே, அதுதான் முக்கியம் என்றார்.

"கையைத் தூக்கிட்டுச் சும்மா உக்கார்றது என்ன அனுபவம்? அதுக்கு நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டே போதுமே, அங்க எத்தனையோ பேர் உக்காந்திருக்கான்" என்றேன்.

கொடிக்காரன் பழச்சாறுக் கோப்பையோடு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டுதான்.

"பெரியவரே, பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"வாசிக்கிறவளுக்குத் தெரியுமேப்பா."

அதற்கும் சிரித்தான். கடைசி நாள் விஷயத்தை மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன். நாளைக்குப் பெரிய அரங்கத்தில் பிள்ளை வாசிக்குமா, வாசிக்காதா? பார்க்கலாம் என்றார். எனக்குத் தெரியும் இந்தப் பார்க்கலாம். சீட் தைத்துக்கொண்டு போகிறவன், பாக்கியை எப்போது தருவாய் என்று கேட்டால் சொல்கிற அதே பார்க்கலாம்தான்.

மறுநாள் மத்தியானம் பெரிய அரங்கம். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. நாற்காலிகள் நல்ல தையல், சாய்ந்தால் முதுகைத் தாங்கியது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்தேன். எல்லார் கழுத்திலும் எங்கள் கழுத்தில் தொங்குகிற அதே நீல அட்டை. அந்த ஊர் ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஒரு பள்ளி மேடையில் ஆட, தங்கள் முறைக்குக் காத்திருக்கிற மற்றப் பள்ளிகள் கை தட்டின. பிறகு இவர்கள் போக, அவர்கள் வந்து தட்டினார்கள். உலக மேடை என்றார்களே, அந்த உலகம் இவ்வளவுதான். வந்தவர்களையே வந்தவர்களுக்குக் காட்டுவது. இதற்கா பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள்?

எங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டுப் பையன்கள், வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு டிரம்பெட்டோடு நின்றார்கள். கன்னத்தை உப்ப வைத்து, புருவத்தைத் தூக்கி, என்ன நடிப்பு! ஓரத்தில் நின்ற பையன் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரு நீளக் கொட்டாவி விட்டான். டிரம்பெட் சத்தம் நிற்கவே இல்லை. முன்வரிசையில் நடுவர்கள் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த இடத்தில் ஏமாறுகிறவன் ஒருவனும் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே கை தட்டுகிறார்கள். ஏமாற்றினால்கூட ஆத்திரம் ஒரு நாளில் ஆறிவிடும், இது ஆறாது.

மேளம் தூக்குகிற சாக்கில் மேடைக்குப் பின்பக்கம் போய்விட்டேன். மாஸ்டர் வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னைக்கும் டிராக்தான். சிரிச்ச முகமா இருங்க" என்று சொல்லிவிட்டு ஒலிக்காரன் இருக்கிற பக்கம் நடந்துவிட்டார்.

பேத்தி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரிசையில் நின்றபடியே உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசிப்பதற்கு முன்னால் சூடு வரத் தேய்ப்பாளே, அந்தத் தேய்ப்பு. வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் கை பழக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குனிந்து மேளத்தின் அடியில் கையை விட்டு வாரைப் பிடித்தேன்.

"தாத்தா, கையை எடுங்க."

"நீ பேசாம இரு. நான் வெச்சது, நான் எடுக்கிறேன்."

"நீங்க எடுத்தா கிழவர் கலாட்டா பண்ணிட்டார்னு சொல்லி முடிச்சிடுவாங்க. நான் எடுத்தாத்தான் நான் வாசிச்சேன்னு ஆகும்."

கையை எடுத்துவிட்டேன். அவள் உடனே வாரைப் பிடிக்கவில்லை. கொக்கின் பக்கம் திரும்பி, உனக்குச் சம்மதமா என்று கேட்டாள். அது சரிதான். மேளம் இஷ்டத்துக்குப் போனால் தடுக்கி விழப்போவது அவள்தானே. கொக்கு வழக்கம்போல ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"என் காலைப் பார்த்துத்தானே அடிப்பே?"

"வேற எதைப் பார்க்கப் போறேன்?"

"அப்ப சரி. அந்த டிராக் ஆள் ஒரு நாளும் என் காலைப் பார்த்ததில்ல."

மற்ற இரண்டு மேளக்காரப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள், எங்களைக் கூப்பிடாதே என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பேத்தி மேளத்தைச் சாய்த்து, விளிம்பில் பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டு வாரை இழுத்தாள். வரவில்லை. என் வேலை அப்படி. பல்லைக் கடித்து மறுபடி இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது. வட்டத்தை என் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக் கொடுத்துவிட்டு மேடைக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. நான் திரை ஓரமாக நின்று பார்த்தேன். முதல் பாதி முழுக்கப் பேத்தி வாசிக்கவும் இல்லை, வாசிக்கிற மாதிரி பாவனையும் பண்ணவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வி-பதில் இடம் வந்தது. மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். கொக்கு நடுவில் வந்து நின்றாள். காலைத் தட்ட வேண்டும். தட்டவில்லை. நின்றாள். அவள் பாட்டுக்கு நின்றாள். ஒலிபெருக்கியில் மேளம் பதில் சொன்னது, கேட்காத கேள்விக்கு. மேடையில் ஒரு கால் அசையவில்லை, ஒரு கை அசையவில்லை, மேளம் மட்டும் முழங்கிக்கொண்டிருந்தது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றப் பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் ஒரு மூலையில், அப்புறம் எல்லாப் பக்கமும். அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஒலிக்காரன் பதறிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்டச் சிரிப்புத்தான் அதிகமாயிற்று. அப்போது யாரோ டிராக்கையே நிறுத்திவிட்டார்கள். மாஸ்டரா, அந்த ஒலிக்காரனா, இன்றுவரை ஒருவரும் நான்தான் என்று சொல்லவில்லை. பாட்டை நிறுத்தினால் ஆட்டமும் நின்றுவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

கொக்கு குதிகாலைத் தூக்கினாள். என் பேத்தியின் கை அவ்வளவுதான் உயர்ந்தது. கால் தரையில் விழுந்தது, கை தோலில் விழுந்தது.

அந்த அரங்கத்தில் அன்று முதன்முதலாக ஒரு சத்தம் கேட்டது. அதுவரைக்கும் கேட்டதெல்லாம் என்ன என்று கேட்காதீர்கள். இது கடைசி வரிசைச் சுவரில் போய் இடித்துத் திரும்பி வந்தது. கொக்கு அடுத்ததை அவசரமாகக் கேட்டாள், பேத்தி இன்னும் அவசரமாகச் சொன்னாள். நடுவில் ஒரு தடவை கொக்கு வேண்டுமென்றே காலைப் பாதியில் நிறுத்தினாள், பேத்தியின் கையும் அந்தரத்தில் நின்றது, பட்டறையில் பண்ணுகிற அதே குறும்பு. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தக் கொட்டாவிப் பையன் எழுந்து நின்று பார்த்தான்.

திரையை இறக்கிவிட்டார்கள். திரை தரையைத் தொட்ட பிறகும் மேளம் நிற்கவில்லை. மாஸ்டர் ஓடிப்போய்ப் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் நின்றது.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே கை கூசுகிறது. பள்ளிக்கூட மானத்தை வாங்கிவிட்டாள் என்றார் மாஸ்டர். வாசித்ததற்கு! மேளம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், மேளம் வாசித்ததற்குப் பிள்ளையைத் திட்டுகிறார், நான் ஸ்பாஞ்சைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சான்றிதழ் கிடையாது, குழுப் படத்தில் நிற்கக்கூடாது, சாயங்காலம் ராட்டினப் பூங்காவுக்கு எல்லாரும் போகும்போது இவர்கள் பஸ்ஸிலேயே இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கொடிக்காரன் சிரிக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அடுத்த வருஷம் எங்கள் பள்ளியைச் சேர்க்க மாட்டோம் என்றான். சேர்த்துக்கொண்டார்கள் பாருங்கள், இப்போது என்னிடம் ஆள் அனுப்பியிருக்கிறார்களே.

"ஏன் மாஸ்டர், சத்தமே வரக்கூடாதுன்னா மேளத்தை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? படத்தை எடுத்துட்டு வந்திருக்கலாமே, எடை குறைவு" என்றேன்.

அவர் கழுத்து விசிலைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். நான் இன்னும் பேசியிருப்பேன், பேத்திதான் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். போதும் தாத்தா, பஸ்ஸுக்குப் போகலாம் என்றாள்.

ராட்டினப் பூங்காவின் வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் பஸ் நின்றது. மற்றப் பிள்ளைகள் கொடிக்குப் பின்னால் போய்விட்டார்கள். உள்ளே நான், பேத்தி, கொக்கு. டிரைவர் தன் குழிச் சீட்டில் கோணலாகச் சாய்ந்து கண்ணை மூட முயன்று, முடியாமல் எழுந்து கீழே இறங்கி நின்றார். பக்கத்து பஸ்ஸிலிருந்து திடீரென்று டிரம்பெட் ஒன்று வீறிட்டது. ஒரே ஒரு ஊதல்தான், சுருதியும் இல்லை ஒன்றும் இல்லை. உடனே ஒரு வாத்தியார் கத்துகிற சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கொட்டாவிதான்" என்றாள் கொக்கு.

பேத்திக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட என்ன தாத்தா சொல்றது? சான்றிதழ் எங்கன்னு கேப்பாங்களே."

"வாசிச்சேன், அதனால தரலன்னு சொல்லு."

"நம்புவாங்களா?"

"நம்ப மாட்டா. நானே நேர்ல பார்க்கலேன்னா நம்பியிருக்க மாட்டேன்."

கையில் மேளம் இல்லை, பஸ்ஸுக்குள் ஆட இடமும் இல்லை. ஆனாலும் கொக்கு நடைபாதையில் நின்று காலைத் தட்டினாள். பேத்தி முன்சீட்டின் முதுகில் பதில் சொன்னாள். பிசகு என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. மறுபடி தட்டினார்கள். மேளமோ வண்டியின் வயிற்றில், சாமான்களோடு பூட்டிக் கிடந்தது.

அந்த வட்டம் இன்னும் என் மடியில்தான் இருந்தது. இதைத் திரும்ப மேளத்துக்குள் வைத்தால்தானே தோலுக்குப் பாதுகாப்பு என்று மாஸ்டர் நாளைக்கு மறுபடி கேட்பார். கேட்பதற்கு முன்னால் நான் எழுந்து முன்னால் போனேன். பையில் எப்போதும் கத்தி வைத்திருப்பேன், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். ஓட்டலில் கேட்டு வாங்கிய வெண்ணெய்க் கத்திதான் இருந்தது. அதை வைத்தே வாரை அறுத்து எடுத்தேன். டிரைவர் சீட்டின் குழியில் வட்டத்தை வைத்து, உள்ளங்கையால் நாலு பக்கமும் அமுக்கி, கம்பி தட்டாமல் சரிசெய்தேன். அளவெடுத்து வெட்டினாற்போல உட்கார்ந்தது.

டிரைவர் ஏறி வந்து, என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே மெதுவாக உட்கார்ந்தார். அசைந்து பார்த்தார். பிறகு முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் இரண்டு பெண்களும் தரையையும் சீட்டையும் தட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலும் அவர் தூங்கிவிட்டார்.